சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் பையை எங்கே வைப்பது?

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, திருகோணமலையில் பலர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து மறுபடி தெருவுக்கு எடுத்தார்கள். வரிசைகள் போன பிறகும் சிலர் சைக்கிளை விடவில்லை. உப்புவெளியிலிருந்து நகருக்கோ, பாலையூற்றிலிருந்து பஸ் நிலையப் பக்கமோ வேலைக்குப் போய்வர அது போதும் என்று கண்டுகொண்டார்கள். இப்போதும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, பையை எங்கே வைப்பது என்பது.

ஆலோசனைக்குக் குறைவில்லை. “முதுகில் போட்டுக்கொண்டு போ, ஒரு தொல்லையும் இல்லை.” “கரியர் எதற்கு இருக்கிறது, அதில் கட்டு.” “ஹாண்டிலில் கொழுவினால் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்.” எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் ஒன்று ஏன் சரி, மற்றது ஏன் ஆபத்து என்று யாரும் விளக்குவதில்லை. பேச்சு எத்தனை கிலோ என்பதோடு நின்றுவிடுகிறது. பை சைக்கிளின் எந்தப் பகுதியோடு சேர்ந்து அசைகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாரத்தைப் பற்றிய பயம்

முதலில் கிலோ கணக்கை முடித்துவிடுவோம். ஓட்டுபவர் 65 கிலோ, பழைய மாதிரி இரும்புச் சைக்கிள் 18 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 83. அலுவலகப் பையில் லப்டொப், சாப்பாட்டுப் பெட்டி, ஒரு லீற்றர் தண்ணீர், மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்தால் 5 கிலோ வரலாம். அதாவது மொத்தப் பாரம் 6 சதவீதம் கூடுகிறது.

நிலாவெளி வீதி போன்ற சமதரையில் இந்த 6 சதவீதம் காலுக்குத் தெரியவே தெரியாது. ஒரே வேகத்தில் ஓடும்போது பெரிய எதிரி காற்று. கச்சான் எதிரே வீசும் நாளில் அதோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் ஐந்து கிலோ ஒன்றுமில்லை. உவர்மலை ஏற்றத்தில் மட்டும் கணக்கு நேரடியானது: 6 சதவீதம் கூடிய பாரத்தை ஏற்ற 6 சதவீதம் கூடிய வேலை. அதுவும் தாங்கக்கூடியதே.

ஆகவே தினமும் கொண்டுபோகும் பையின் பாரத்துக்காகப் பயப்பட வேண்டாம். அதே ஐந்து கிலோ தவறான இடத்தில் இருந்தால்தான் கை உளைகிறது, சைக்கிள் தள்ளாடுகிறது, சட்டை நனைகிறது.

ஓடும் சைக்கிள் ஏன் விழுவதில்லை

இது தெரியாமல் மேலே போக முடியாது. ஓடும் சைக்கிள் நேராகப் போவது போலத் தெரிந்தாலும், அது எந்நேரமும் கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. இடப்பக்கம் சாயத் தொடங்கியதும் ஹாண்டில் மிகச் சிறிதளவு இடப்பக்கம் திரும்புகிறது. சில்லுகள் சாய்ந்த பக்கமாக நகர்ந்து உடம்புக்கு அடியில் வந்துவிடுகின்றன, சைக்கிள் நிமிர்கிறது. அப்புறம் மறுபக்கம். பழகிய கைக்கு இது நடப்பதே தெரியாது. ஈர மணலில் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நேராக ஓட்டியதாக நினைத்த இடத்தில் முன்சில்லின் தடம் மெல்லிய நெளிவாகக் கிடக்கும். மெதுவாக ஓட்டினால் நெளிவு பெரிதாகும், ஏனென்றால் வேகம் குறையும்போது நிமிர்த்துவதற்கு ஹாண்டிலைக் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

சில்லுகள் சுழல்வதால்தான் சைக்கிள் நிற்கிறது என்று பலர் சொல்வார்கள். சுழற்சி உதவுகிறது, ஆனால் அது இல்லாமலும் சைக்கிள் நிற்கும். 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், சில்லுகளின் சுழற்சி விளைவை எதிர்ச்சுழற்சியால் இல்லாமல் செய்த ஒரு சிறு சைக்கிளைக் கட்டினார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டபோதும் அது விழாமல் ஓடியது. பாரத்தை அவர்கள் பங்கிட்டிருந்த விதம், சாய்ந்த பக்கமாக முன்சில்லைத் தானே திரும்ப வைத்தது.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஹாண்டில் சுலபமாக, உடனடியாக, சிறிய அளவில் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். அதைத் தடுக்கும் எதுவும் சைக்கிளின் சமநிலையைத் தடுக்கிறது.

படலையில் தொங்கும் பிள்ளை

வீட்டுப் படலையில் ஏறி ஆடாத பிள்ளை நம் ஊரில் இல்லை. பிள்ளை பிணைச்சலுக்குப் பக்கத்தில் நின்றால் படலையை ஒரு விரலால் தள்ளலாம். அதே பிள்ளை படலையின் வெளி ஓரத்தில் தொங்கினால் அசைப்பதே பாடு. அசைந்த பிறகு நிறுத்துவது அதைவிடப் பாடு. பிள்ளையின் பாரம் மாறவில்லை, பிணைச்சலிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது.

பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் இதற்குப் பெயர் உண்டு. நிற்கும் பொருள் நிற்கவும், அசையும் பொருள் அதே போக்கில் அசையவும் காட்டும் பிடிவாதம் சடத்துவம். ஓர் அச்சைச் சுற்றித் திரும்புவதற்கு ஒரு பொருள் காட்டும் பிடிவாதம் சடத்துவத் திருப்பம். தூரம் இரண்டு மடங்கானால் இந்தப் பிடிவாதம் நான்கு மடங்காகும்.

ஹாண்டில், அதற்குக் கீழே முன்சில்லை இருபுறமும் பிடித்திருக்கும் போர்க், முன்சில்லு, இவை மூன்றும் ஒன்றாகத் திரும்புகின்றன. சைக்கிளின் படலை இதுதான். இதில் எதைத் தொங்கவிட்டாலும் ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். மற்றது பிறேம்: சீற், பார், பின்சில்லு, கரியர் எல்லாம் அதோடு சேர்ந்தவை. ஹாண்டில் திரும்பும்போது இவை உடனே திரும்புவதில்லை. மூன்றாவது ஓட்டுபவரின் உடம்பு. பை இந்த மூன்றில் ஏதோ ஒன்றோடுதான் சேர்ந்திருக்க முடியும்.

ஹாண்டிலில் கொழுவுவது

இதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். சந்தையிலிருந்து திரும்பும்போது ஹாண்டிலின் ஒரு பக்கம் மரக்கறிப் பை, மறுபக்கம் மீன் பை. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். சமமாக இருந்தால் ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்காது, அது உண்மை. ஆனால் இரண்டு பைகளும் திரும்பும் அச்சிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் தொங்குகின்றன. பக்கத்துக்கு இரண்டு கிலோ என்றாலே, முன்சில்லு திரும்புவதற்குக் காட்டும் பிடிவாதத்தைவிட இந்தப் பைகளின் பிடிவாதம் அதிகம்.

தொங்கும் பை ஆடவும் செய்யும். நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் பை ஒரு கணம் பிந்தி வருகிறது, வந்தபின் தேவைக்கு மேல் இழுக்கிறது. நகரத்து மான் ஒன்று திடீரென்று குறுக்கே வரும்போது ஹாண்டிலை வெட்டித் திருப்ப வேண்டியிருந்தால், அந்தப் பிந்திய இழுப்பு உங்களைத் தெருவுக்குள் கொண்டுபோய்விடும்.

இவற்றையெல்லாம்விட மோசமான ஒன்று உண்டு. ஆடும் பை முன்சில்லின் கம்பிகளுக்குள் போனால், சில்லு அதைச் சுற்றி இழுத்துக்கொண்டு போர்க்கில் முட்டி ஒரே நொடியில் நின்றுவிடும். சைக்கிள் நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார், ஹாண்டிலுக்கு மேலால் தலைகுப்புற விழுவார். மெதுவாக ஓட்டினாலும் இது நடக்கும். ஒரு பாண் பார்சலை வேண்டுமானால் கொழுவிக்கொண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

முன்கூடை இதைவிட எவ்வளவோ நல்லது. பை ஆடாது, கம்பிக்குள் போகாது. ஆனால் நம்முடைய பெண்கள் சைக்கிள்களில் பெரும்பாலும் கூடை ஹாண்டிலிலும், அதைத் தாங்கும் கம்பிகள் முன்சில்லின் அச்சிலும் பூட்டியிருக்கும். ஆகவே அதுவும் படலையோடு திரும்புவதுதான். நிறைந்த கூடையோடு சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுப் பாருங்கள். கையை எடுத்ததும் முன்சில்லு தானாக ஒரு பக்கம் சரிந்து திரும்பும், சில நேரம் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு விழும். ஓடும்போது உங்கள் கை தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சரிவைத்தான். வீடு வந்ததும் மணிக்கட்டு உளைவது இதனால். கூடைக்குள் இரண்டு, மூன்று கிலோவுக்குள் வைத்து, பாரமானதை ஹாண்டில் பக்கமாகத் தள்ளி அடியில் வையுங்கள். மேலே ஒரு வலையைப் போட்டால் குழியில் இறங்கும்போது சாமான் துள்ளி விழாது. விளக்கைக் கூடை மறைக்கிறதா என்று இரவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வெளிநாட்டுச் சைக்கிள்களில் முன்கூடை பிறேமிலேயே பூட்டப்பட்டு, ஹாண்டில் திரும்பும்போது கூடை நேராகவே நிற்கும். அப்படி ஒன்று கிடைத்தால் இந்தக் கட்டுப்பாடு வெகுவாகத் தளரும்.

முதுகுப் பை

உடம்போடு சேர்ந்த பை ஹாண்டிலைத் தொந்தரவு செய்வதில்லை. குழியில் ஏறி இறங்கும்போது நீங்கள் சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்பினால் பையும் எழும்புகிறது, முழங்கால் அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. லப்டொப் கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய நன்மை. இறங்கினால் அப்படியே நடக்கலாம், பையைத் தனியாகப் பூட்டி வைக்கும் கவலையும் இல்லை.

முதுகில் இருக்கும் பாரத்தைச் சைக்கிள் சுமக்கவில்லை, நான்தான் சுமக்கிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு. சைக்கிளும் சுமக்கிறது. பையின் பாரம் தோள், முதுகெலும்பு, இடுப்பு வழியாகச் சீற்றில் இறங்கி, கடைசியில் பெரும்பகுதி பின்சில்லுக்குத்தான் போகிறது. நடுவில் உங்கள் உடம்பையும் வழியாக்கிக்கொள்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

திருகோணமலையில் முதுகுப் பையின் உண்மையான குறை வெக்கை. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது வழிவதால் அல்ல, ஆவியாவதால். ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் காற்று வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அந்தக் காற்று. முதுகு உடம்பில் அகன்ற பரப்பு. அதைப் பையால் மூடினால் அங்கே வியர்வை ஆவியாக வழியில்லாமல் சட்டையில் ஊறுகிறது, உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கிறது. கச்சான் காலத்தில் பகல் வெப்பநிலை 35 பாகையை ஒட்டி நிற்கும் ஊர் இது. காலை ஏழு மணிக்குள் போய்விடுகிறவர் சமாளிக்கலாம். பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்புகிறவருக்கு முதுகுப் பை தண்டனை.

மூன்று கிலோவுக்குள், இருபது நிமிடத்துக்குள் என்றால் முதுகுப் பை நல்ல தேர்வு. தோள்பட்டிகளை இறுக்கி, நெஞ்சுப் பட்டி இருந்தால் பூட்டுங்கள். ஒரே தோளில் குறுக்காகப் போடும் பை வேறு கதை. வளைவில் அது முன்னால் சரிந்து முழங்காலில் அடிக்கும்.

இதுவரை பார்த்ததில், ஹாண்டிலோடு சேர்ந்த பாரம் திருப்பத்தைத் தடுக்கிறது, உடம்போடு சேர்ந்த பாரம் உடம்பை வேக வைக்கிறது. மிச்சம் இருப்பது பிறேம்.

கரியர்: எங்கே, எப்படி

தினமும் நாலைந்து கிலோவோ அதற்கு மேலோ கொண்டுபோகிறவருக்குக் கரியர்தான் இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கரியரிலும் முன், பின், மேல், கீழ் என்று வித்தியாசம் இருக்கிறது.

தெருத்தெருவாக மீன் விற்பவரின் சைக்கிளை நின்று பாருங்கள். கரியருக்கு மேல் ஒரு பலகை, அதன் மேல் றெஜிபோம் பெட்டி. பெட்டி சீற்றின் பின்பக்கத்தைத் தொடும் அளவுக்கு முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டியால் குறுக்கும் மறுக்குமாக இழுத்துக் கட்டி, மிச்ச வாலைப் பட்டிக்குள்ளேயே செருகியிருப்பார்கள். அந்தக் கட்டில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

பெட்டி ஏன் முன்னால்? பின்சில்லின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் பாரத்தைப் பின்சில்லு தாங்கும், அதற்கு முன்னால் இருந்தால் இரண்டு சில்லும் பங்கிட்டுத் தாங்கும். அச்சுக்குப் பின்னால் போனால் அது முன்சில்லைத் தூக்கத் தொடங்கும். இரண்டு சில்லுக்கும் இடையே 110 சென்ரிமீற்றர் இருக்கும் சைக்கிளில், 10 கிலோவைப் பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் கட்டினால், முன்சில்லில் இருந்து ஏறக்குறைய 2.7 கிலோ குறைகிறது. முன்சில்லு தரையை அழுத்தாவிட்டால் மணலில் வழுக்கும், ஏற்றத்தில் ஹாண்டில் லேசாகி அலையும். கரியரின் வால் நுனியில் பையைக் கட்டுவது இதனால்தான் கூடாது.

ரியூப் பட்டி ஏன்? அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். குழியில் சாமான் ஒரு கணம் அமுங்கினாலும் கட்டு தளராது. சாதாரணக் கயிறு அப்படியல்ல, முதல் குழியிலேயே தளர்ந்துவிடும். வாலைச் செருகுவது உயிர்க் காரியம். தொங்கும் நுனி பின்சில்லின் கம்பிக்குள்ளோ செயினுக்குள்ளோ போனால் சில்லு இறுகிவிடும். சேலைத் தலைப்புக்கும் சால்வைக்கும் இதே எச்சரிக்கை.

உயரத்தைப் பற்றி ஒரு அரைகுறைப் பேச்சு உண்டு, மேலே இருக்கும் பாரம் சைக்கிளை ஓட்டத்தில் கவிழ்த்துவிடும் என்று. நன்றாக ஓடும்போது உயரம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. நிற்கும்போதுதான் அது தெரியும். சந்தியில் ஒரு காலை ஊன்றச் சைக்கிளைச் சாய்க்கிறீர்கள். தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் உள்ள பை, 40 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளதைவிட இரண்டரை மடங்கு தூரம் பக்கவாட்டில் போகிறது, அவ்வளவு பலமாக இழுக்கிறது. உருட்டிக்கொண்டு போகும்போதும் இப்படியே. பாரத்தைக் கீழே இறக்கினால் இந்த இழுபறி குறையும்.

அதற்காகத்தான் கரியரின் இரு பக்கமும் தொங்கும் பக்கப்பைகள். கடையில் வாங்கலாம், உரப்பையை மடித்துத் தைப்பித்தும் கொள்ளலாம். மூன்று விடயங்களைப் பாருங்கள். பை சில்லுக்குள் உள்வாங்காமல் இருக்கக் கரியரின் பக்கக் கம்பியோ ஒரு தகடோ வேண்டும். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக்கூடாது. பையின் கீழ் நுனியும் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை வெளியே வீசி ஆடும்.

ஒரு பக்கம் மட்டும் பை போட்டால் சைக்கிள் கவிழும் என்ற பயம் வீண். 5 கிலோ ஒரு பக்கத்தில் 20 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கினாலும், ஆளும் சைக்கிளும் சேர்ந்த மொத்தத்தின் புவியீர்ப்பு மையம், அதாவது பாரம் முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, நகர்வது ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். உடம்பு தெரியாமலே அதைச் சரிசெய்துவிடும். ஒரே பை என்றால் இடப்பக்கம் போடுங்கள். வாகனங்கள் முந்துவது வலப்பக்கத்தால். ஆனால் ஸ்டாண்டில் விடும்போது அந்தப் பக்கமாகச் சரிகிறதா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள்.

கரியருக்கும் குறை உண்டு. சைக்கிளுக்கு முழங்கால் இல்லை. குழியின் அடி முழுவதும் சாமானுக்குப் போகும். லப்டொப்பின் கீழே மடித்த துவாயோ மாற்றுச் சட்டையோ இருக்கட்டும். கறிப் பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். பாரம் பின்சில்லில் கூடுவதால் பின் ரயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் குழியில் நசுங்கும்போது ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு, பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

மாரி மழை

கார்த்திகை, மார்கழியில் நம் ஊரில் மழை கொட்டும் விதம் தெரியும். பைக்கு மேலே உறை போட்டால் போதும் என்று நினைப்பவர்கள், தண்ணீர் கீழேயிருந்தும் வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பின்சில்லு வாரி எறியும் சேற்றுநீர் கரியரின் அடியில் போய்ப் படும். முழு நீள மட்காட் இருந்தால் பாதி தப்பும். மீதிக்கு, பையின் உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை வைத்து, சாமானை அதற்குள் போட்டு, வாயை மூன்று மடிப்பு மடித்துச் செருகுங்கள். வெளியே உறை காற்றில் பறந்தாலும் உள்ளே இருப்பது நனையாது.

எதில் தொடங்குவது

காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் பையில் என்னென்ன போகிறது என்று கவனியுங்கள். பூட்டும் பம்பும் குடையும் தினமும் முதுகில் ஏறி இறங்கத் தேவையில்லை, அவை பிறேமில் இருக்கலாம். தண்ணீர்ப் போத்தலுக்குப் பாரில் ஒரு தாங்கி போட்டால் முதுகிலிருந்து ஒரு கிலோ உடனே போய்விடும். அதன் பிறகு மிஞ்சுவது மூன்று கிலோவுக்குள் என்றால் முதுகுப் பையோடு தொடருங்கள். கூடினால் கரியர்.

கரியர் வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் உச்சப் பாரத்தைப் பாருங்கள். 10, 18, 25 கிலோ என்று வித்தியாசப்படும். 10 கிலோ கரியரில் அரிசி மூட்டையை ஏற்றினால் உடைவது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது. சைக்கிளில் இருக்கும் பழைய கரியரையே பாவிப்பதானால் ஒட்டு வைத்த இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். இங்கே கடற்காற்றின் உப்பு முதலில் அரிப்பது அந்த மூட்டுகளைத்தான். பெயின்ற் உப்பியிருந்தால் உள்ளே துரு.

பையைக் கட்டியதும், கிளம்பும் முன் சீற்றைப் பிடித்துச் சைக்கிளை இரண்டு முறை பக்கவாட்டில் உலுக்குங்கள். சைக்கிளும் பையும் ஒன்றாக ஆட வேண்டும். பை தனியாக ஆடினால் அவிழ்த்துக் கட்டுங்கள். பிறகு ஒழுங்கைக்குள் மெதுவாக ஒரு சுற்று. மெதுவாகப் போகும்போது தள்ளாட்டம் இல்லாவிட்டாலும் வேகத்தில் வரலாம், ஆகவே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். புதுக் கரியரின் நட்டுகள் முதல் சில நாள் அதிர்விலேயே தளரும். ஒரு வாரம் ஓடிய பிறகு நாலு நட்டையும் ஸ்பானர் வைத்து இறுக்கிவிடுங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.